பாற்பொருக்கும் கரப்பானும்: குழந்தை உணவும் தோல் நோயும் பற்றிய கருத்துகளின் வரலாறு

பச்சிளங் குழந்தையின் கன்னங்களிலும் நெற்றியிலும் செம்படை தோன்றி, நீர் கசிந்து, பொருக்குக் கட்டி, ஓயாத அரிப்பினாலே தாயும் சேயும் உறக்கமிழந்து வருந்தும் நோயினைத் தமிழர் கரப்பான் என வழங்கி வந்துள்ளனர். பாலவாகட நூல்கள் இதனைப் பல வகைகளாகப் பிரித்துப் பேசும். இச்சொல் நோயொன்றின் பெயர் என்ற அளவில் நின்றுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கத்தரிக்காய் முதலான சில உணவுகளைக் 'கரப்பான் பண்டம்' எனக் குறித்து விலக்கும் வழக்கம் இன்றும் தமிழர் அடுக்களைகளில் உண்டு. பிள்ளை பெற்றவள் பத்தியங் காப்பதும், அவள் உண்டது பாலின் வழியே பிள்ளையின் மேனியிற் காணும் என்ற நம்பிக்கையோடு தொடர்புடையதே. ஆக, உண்ட உணவே தோலிற் புண்ணாக வெளிப்படுகின்றது என்னும் கொள்கை மொழிக்குள்ளேயே குடிகொண்டுவிட்டது.

ஐரோப்பியரிடத்தும் இதனை ஒத்த நிலையே இருந்தது. குழந்தைகளின் தலையிலும் முகத்திலும் தோன்றும் இப்படையினை அவர்தம் பழைய மருத்துவர் இலத்தீன் மொழியிற் 'பாற்பொருக்கு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஜேர்மன் மொழியிலும் அதே பொருள் தரும் பெயர் இன்றளவும் வழங்குகின்றது. பாத்திரத்தின் அடியிற் கருகிய பாலின் ஏட்டைப் போன்று தோன்றுவதாலேயே அப்பெயர் வந்தது என்பர். எனவே அது தோற்றம் பற்றி வந்த பெயரேயன்றிக் காரணம் பற்றி வந்த பெயரன்று. ஆயினும் பெயர் கருத்தைத் தன்பின்னே இழுத்துச் செல்லும் இயல்பினது. பாலைப் போன்றது என்பது காலப்போக்கிற் பாலினால் வந்தது என்றாயிற்று. 1808 ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவர் றொபேட் வில்லன் தோல் நோய்களை வகைப்படுத்தியபொழுது கையாண்ட 'எக்சிமா' என்னும் கிரேக்க வழிச்சொல், பொங்கி வெளிப்படுதல் என்ற பொருளது. உள்ளே ஏதோ கொதித்துப் புறத்தே வழிகின்றது என்ற எண்ணத்தை அச்சொல்லும் சுமந்து நின்றது.

உணவு தோலைக் கெடுக்கின்றதா, அன்றிக் கெட்ட தோல் உணவைப் பகையாக்குகின்றதா என்ற வினா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ உலகை அலைக்கழித்தது. இது வெறும் ஏட்டு வழக்கன்று. இதற்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு விடையின் பெயராலும் குழந்தைகளுக்கு ஓர் உணவு ஊட்டப்பட்டது, அல்லது ஓர் உணவு மறுக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே குழந்தை உணவு தொழிற்சாலையின் வாயிலுக்குட் புகுந்தது. ஜேர்மனியில் இரசாயன அறிஞர் லீபிக்கும் சுவிற்சர்லாந்தில் நெஸ்லேயும் 1860களில் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை ஆக்கி வெளியிட்டனர். மருத்துவர் தாமும் பசுப்பாலை எவ்வளவு நீர் சேர்த்து, எவ்வளவு சீனி சேர்த்து, எத்தனை மணிக்கொருதரம் ஊட்டுவது என்னும் கணக்கிலே மூழ்கினர். அச்சூழலில், பிரெஸ்லவ் நகரிற் பணியாற்றிய குழந்தை மருத்துவ மேதை அடல்பேட் சேர்னி 1905 இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். சில குழந்தைகள் பிறவியிலேயே கசிவுத் தன்மை வாய்ந்த உடற்கூறு உடையவர்கள்; பாலும் கொழுப்பும் முட்டையும் மிகுதியாக ஊட்டப்படும்போது அக்கூறு படையாகவும் சளியாகவும் வெளிப்படும் என்பது அவர் கருத்து. எனவே உணவைக் குறைப்பதே மருந்தாயிற்று. பெர்லினில் ஹைன்றிக் பிங்கெல்ஸ்ரைன் என்பார் பாலிலுள்ள உப்பே பகை எனக் கொண்டு, உப்பை நீக்கிய பாற்கூழொன்றை ஆக்கினார். அது 'எக்சிமாச் சூப்' என்ற பெயராலே பரவியது. இன்று இதனை வாசிப்போர் நகைத்தல் கூடும். ஆனால் அக்குழந்தைகள் பசியோடு உறங்கியிருப்பர் என்பதை நினைக்குமிடத்து நகைப்புத் தோன்றாது.

1906 இல் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் பொன் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். தமிழில் ஒவ்வாமை என இன்று வழங்குவது அதுவே. அதன்பின் வினாவின் வடிவம் மாறிற்று. எவ்வளவு உணவு என்பது போய், எந்த உணவு என்பது வந்தது. நியூயோர்க்கில் ஒஸ்கார் ஷ்லொஸ் 1912 இல், முட்டை, பாதாம், ஓட்ஸ் ஆகியவற்றை ஏற்க முடியாத சிறுவன் ஒருவனின் தோலைக் கீறி அவ்வுணவுகளின் சாற்றைத் தடவிப் பார்த்து, தடித்த இடங்களைக் கொண்டு பகையுணவை இனங்காட்டினார். பொஸ்டனில் 1918 இல் பிரிற்ஸ் ரல்பற்றும், மினசோட்டா மாநிலத்தில் 1921 – 22 இல் வில்லியம் ஷனனும், தாய்ப்பாலன்றி வேறெதுவும் அருந்தாத குழந்தைகளிடத்திலும் எக்சிமா தோன்றுவதை ஆராய்ந்தனர். தாய் உண்ட முட்டையின் புரதம் அவள் பாலிலே இறங்குகின்றது என்பதை ஷனன் சீமைப்பெருச்சாளிகளைக் கொண்டு பரிசோதித்துக் காட்டினார். தமிழ் மூதாட்டியர் பத்தியம் என்று சொல்லி வந்ததற்கு அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சான்று வழங்கியது போலாயிற்று. பால் வழியே புரதம் இறங்குவது உண்மை என்பதும், அதனைத் தடுத்தால் நோய் வராது என்பதும் இருவேறு கூற்றுக்கள். அவ்வேறுபாடு அன்று தெளிவாக உணரப்படவில்லை.

இக்காலகட்டத்தின் மிகப்பெரிய ஆய்வு சிக்காகோ நகரில் நிகழ்ந்தது. அந்நகரக் குழந்தை நலச் சங்கத்தின் பராமரிப்பில் 1924 முதல் 1929 வரை இருந்த 20,061 குழந்தைகளை, அவர்தம் முதல் ஒன்பது மாதங்களிற் கிளிபோர்ட் குரூலீ, ஹேவேர்த் சன்போர்ட் முதலியோர் நோக்கினர். இவர்களுள் 9,749 பேர் தாய்ப்பாலை மட்டும் அருந்தினர். 8,605 பேர் தாய்ப்பாலும் பிறபாலும் கலந்து பெற்றனர். எஞ்சிய 1,707 பேர் முற்றாகப் பசுப்பாலில் வளர்ந்தனர். 1934 இல் வெளியான மரணக் கணக்கு அதிர்ச்சி தருவது. முதல் வகுப்பில் 15 குழந்தைகளும், இரண்டாம் வகுப்பில் 59 குழந்தைகளும், மிகச் சிறிதாகிய மூன்றாம் வகுப்பில் 144 குழந்தைகளும் இறந்திருந்தன. அதாவது முதல் வகுப்பில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. மூன்றாம் வகுப்பில் ஆயிரத்துக்கு எண்பத்து நான்கு. இரண்டாண்டுகள் கழித்து, 1936 இல், அதே குழந்தைகளின் எக்சிமாக் கணக்கைக் குரூலீயும் சன்போர்டும் வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டும் அருந்திய குழந்தைகளிலும் பார்க்கப் பசுப்பாலில் வளர்ந்தோரிடத்து எக்சிமா ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்து காணப்பட்டது.

ஏழு மடங்கு என்ற இவ்வெண் பாடநூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எடுத்தாளப்பட்டது. எனினும் அதனுள்ளே ஒரு நலிவு இருந்தது. எவளும் எழுமாறாகப் பாலூட்டுவதில்லை. சிக்காகோவிலே நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேற்சிறிதே பசுப்பாலில் வளர்ந்தனர் எனின், அவ்வெட்டுப் பேர் ஏனையோரைப் போன்றவர்களா என்ற வினா எழும். தாய் நோயுற்றிருக்கலாம், இறந்திருக்கலாம், வேலைக்குப் போயிருக்கலாம். குழந்தையே நலிந்து பிறந்திருக்கலாம். பிற்கால ஆய்வுகளில் இத்திரிபு மறுதிசையிலும் இயங்கியது. தம் குடும்பத்தில் எக்சிமாவும் ஆஸ்துமாவும் உள்ளன என்று அறிந்த கல்வி கற்ற தாய்மார் அதனாலேயே நெடுங்காலம் பாலூட்டினர். மேனியிற் படை கண்ட குழந்தைக்குப் பாலை மறக்கடிக்க அஞ்சினர். இதனால் தாய்ப்பால் அருந்திய குழந்தைகளிடமே எக்சிமா மிகுதி என்ற தோற்றமும் சில ஆய்வுகளில் எழுந்தது. பின்லாந்தில் 1975 இற் பிறந்த குழந்தைகளைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு தாய்ப்பாலுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறிற்று. நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து 2002 இல் வெளிவந்த ஆய்வோ எதிர்மாறாகக் கூறிற்று.

இவ்வையத்தைத் தீர்க்கக்கூடிய பரிசோதனை சிக்காகோ ஆய்வு வெளிவந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, எதிர்பாராத ஒரு நாட்டில் நடைபெற்றது. ஒரு தாயைப் பாலூட்டு என்றும் மற்றொருத்தியை ஊட்டாதே என்றும் பணிப்பது அறமன்று. ஆகையால் மொன்றியலைச் சேர்ந்த மைக்கல் கிரேமரும் பெலாரஸ் நாட்டு மருத்துவரும் தாய்மாரை விட்டு மருத்துவமனைகளைத் தெரிந்தெடுத்தனர். முப்பத்தொரு மகப்பேற்று மருத்துவமனைகளை எழுமாறாக இருகூறாக்கி, ஒருகூற்றின் பணியாளருக்கு மட்டும் பாலூட்டலை ஊக்குவிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1996 – 97 இற் பிறந்த 17,046 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். மூன்றாம் மாதத்திலே தாய்ப்பால் மட்டும் அருந்தியோர் பயிற்சி பெற்ற இடங்களில் நூற்றுக்கு 43 பேர்; ஏனைய இடங்களில் நூற்றுக்கு 6 பேர். 2001 இல் வெளியான முடிவின்படி, முதலாண்டில் எக்சிமா கண்டோர் முறையே நூற்றுக்கு 3.3, 6.3 பேர். சிக்காகோவின் ஏழு மடங்கு இங்கே இரு மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆயினும் முற்றாக மறையவில்லை. அக்குழந்தைகள் ஆறரை வயதை எட்டியபோது அவ்வேறுபாடும் காணப்படவில்லை. பதினாறு வயதில் தோலைப் பரிசோதித்தபோது கைமடிப்பு, கால்மடிப்புகளில் எக்சிமா உள்ளோர் 0.3, 0.7 வீதம் என மீண்டும் ஒரு சிறு வேறுபாடு தலைகாட்டிற்று. தாய்ப்பால் மரணத்தைத் தடுக்கின்றது என்பதிற் சிக்காகோவின் சான்று வலியது. எக்சிமாவைத் தடுக்கின்றது என்பதில் அது மிகைபடக் கூறிவிட்டது. தாய்ப்பாலைப் போற்றுதற்கு எக்சிமாவைத் துணைக்கழைக்க வேண்டிய தேவையில்லை.

ஒவ்வாமை பற்றிய இவ்வாராய்ச்சிக்குச் சமாந்தரமாக மற்றொரு கிளையும் வளர்ந்து வந்தது. அதனை அறிய 1929 ஆம் ஆண்டுக்கு மீளல் வேண்டும். அவ்வாண்டிலே மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பேர், மில்ட்றட் பேர் என்னும் கணவனும் மனைவியும் கொழுப்பு முற்றாக நீக்கிய உணவை எலிகளுக்கு ஊட்டினர். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது; தோல் வறண்டது; வளர்ச்சி நின்றது. இலினோலெயிக் கொழுப்பமிலத்தைச் சிறிதளவு கொடுத்தபோது அவை மீண்டன. உடலாலே ஆக்கவியலாத, உணவாலேயே பெறவேண்டிய கொழுப்பமிலங்கள் உள என்பது இவ்வாறு தெரியவந்தது. அதே மாநிலத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆரில்ட் ஹன்சன், எக்சிமாவுற்ற குழந்தைகளின் இரத்தத்திலுள்ள கொழுப்பை ஆராய்ந்து, ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றை உண்ணக் கொடுத்த விபரத்தை 1933 இல் வெளியிட்டார். முப்பதாண்டுகள் கழித்து, 1963 இல், ரெக்சாஸ் மாநிலத்தில் வெவ்வேறு கொழுப்புடைய பாற்கலவைகள் ஊட்டப்பெற்ற 428 குழந்தைகள் பற்றிய ஆய்வை அவர் குழுவினர் வெளியிட்டனர். இலினோலெயிக் அமிலம் மிகக் குறைந்த கலவையை அருந்திய குழந்தைகளின் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. அவ்வமிலத்தைச் சேர்த்ததும் குணமாயிற்று. பால்மாக்களில் தாவர எண்ணெய் சேர்க்கப்படுவதற்கு இவ்வாய்வு வலுவான சான்றாயிற்று.

பேர் தம்பதியரின் எலிகளிடத்தில் வேறொரு செய்தியும் காணப்பட்டது. அவை வழக்கத்திலும் மிகுதியாக நீரைக் குடித்தன. ஆனால் அதற்கேற்பச் சிறுநீர் கழியவில்லை. நீர் எங்கே போயிற்று? அது தோலின் வழியே வெளியேறியது என்பதைப் பஸ்நாயக்க, சின்கிளேயர் என்னும் இருவர் 1956 இல் எடுத்துக்காட்டினர். இவருள் முன்னவரின் பெயர் இலங்கை வாசகரின் செவிக்கு அந்நியமானதன்று. தோல் என்பது வெறும் போர்வையன்று, நீரை உள்ளே காக்கும் அணை என்ற கருத்து அங்கே முளைவிட்டது. அதன் முழுப்பொருளும் விளங்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

உணவுக் குறைவு தோலை நேரடியாகவே சிதைக்கும் என்பதற்கு இவற்றினும் கொடிய சான்று ஆபிரிக்காவிலிருந்து கிடைத்தது. இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ற் நாட்டிற் பணியாற்றிய பெண் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், சோளக்கூழை நம்பி வளர்ந்த குழந்தைகளிடத்திலே உடல் வீங்கி, தோல் கருந்திட்டுக்களாகி உரிந்து, பலர் மடிவதைக் கண்டு 1933 இல் எழுதினார். பின்னர் அந்நோய்க்கு அவ்வூர் மக்களின் கா மொழிப் பெயரையே சூட்டினார்: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட முன்குழந்தைக்கு வரும் நோய் என்பது அப்பெயர் உணர்த்தும் கருத்து. இலண்டனிலிருந்த பெயர்பெற்ற அறிஞரொருவர் இது பெலக்ரா என்னும் பழைய நோயே என்று மறுத்துரைத்தார். தாய்மாரின் சொல்லைச் செவிமடுத்த வில்லியம்ஸ் கூறியதே நிலைத்தது. அவரே பின்பு சிங்கப்பூரில், தகரத்திலடைத்த இனிப்புப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதெனப் பரப்பியோரைக் கண்டித்து 1939 இல் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றியவர்.

தாய்ப்பால் மறந்த பின்னர் வாயையும் குதத்தையும் கைகால் நுனிகளையும் சுற்றிப் புண் தோன்றி, வயிற்றோட்டம் மிகுந்து, குழந்தையை மாய்க்கும் அரிய பரம்பரை நோயொன்றும் இவ்விடத்திற் கருதத்தக்கது. 1942 இல் நோர்வே மருத்துவர் டன்போல்ற், குளொஸ் என்போர் அதனைத் தனி நோயாக விபரித்தனர். தாய்ப்பாலை மீண்டும் கொடுத்தாற் குழந்தை தேறும் என்பது அனுபவத்தில் அறியப்பட்டிருந்தது. ஏன் என்பது தெரியாதிருந்தது. உடல் நாகத்தை உறிஞ்சுவதிலுள்ள குறையே காரணம் என்பதை இலண்டனில் மொய்னகன் 1973 – 74 இல் வெளிப்படுத்தினார். தாய்ப்பாலிலுள்ள நாகம் எளிதில் உறிஞ்சப்படுவது. மலிவான நாக உப்பு ஒன்று அக்குழந்தைகளைப் பிழைக்க வைத்தது.

இவ்வாறாகக் கொழுப்பமிலம், புரதம், நாகம் ஆகியவற்றின் குறைவு தோலை உடைப்பது ஐயமற நிறுவப்பட்டது. ஆயினும் இவற்றுள் எதுவும் வழக்கமான குழந்தைக் கரப்பானன்று. நன்கு உண்டு கொழுத்த குழந்தையிடமும் அது வருகின்றது. குறைவினால் வரும் நோய்க்கு உணவே மருந்து என்றால் எக்சிமாவுக்கும் அவ்வாறே என்று எண்ணியோர் பல ஆண்டுகள் மாலைப் பிறிம்றோஸ் எண்ணெயை விற்றனர். பரிசோதனைகளை ஒருங்கு திரட்டி நோக்கிய 2013 ஆம் ஆண்டின் மீளாய்வு, அதனால் எக்சிமாவிற்குப் பயனில்லை என முடிவு கூறிற்று.

இதற்கிடையிலே ஒவ்வாமைக் கொள்கை விலக்குதல் என்ற ஒரே திசையில் வளர்ந்துகொண்டே சென்றது. 1929 இல் பொஸ்டனில் லூயிஸ் ஹில்லும் ஸ்ருவேட்டும் பசுப்பாலை ஏற்காத குழந்தைகளுக்கெனச் சோயா அவரை உணவொன்றை ஆக்கினர். அது நோயுற்றோருக்கான மாற்றுணவு. 1953 இல் கிளேசர், ஜோன்ஸ்ரன் ஆகியோர் ஒருபடி மேற்சென்று, ஒவ்வாமைக் குடும்பத்திற் பிறந்த குழந்தைக்கு நோய் வருமுன்னரே பசுப்பாலை விலக்கிச் சோயாவை ஊட்டினால் நோயைத் தவிர்க்கலாம் என்றனர். மருந்தாயிருந்தது காப்பாகியது. நூற்றாண்டின் இறுதியிலே இப்போக்கு உச்சத்தை அடைந்தது. பிரித்தானியாவில் 1998 இல், ஒவ்வாமைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை – இலங்கைத் தமிழர் கச்சான் என்பது – வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000 ஆம் ஆண்டில், அத்தகைய குழந்தைகளுக்குப் பசுப்பால் ஓராண்டுவரையும், முட்டை ஈராண்டுவரையும், நிலக்கடலையும் பருப்பு வகைக் கொட்டைகளும் மீனும் மூன்றாண்டுவரையும் கூடா என்றது.

மருத்துவரின் எச்சரிக்கை வீட்டினுள் நுழையும்போது பன்மடங்காகப் பெருகுவது இயல்பு. 2001 இல் அமெரிக்க ஐக்கிய நாட்டு மருத்துவ ஏடுகளில் வெளிவந்த செய்திகள் இவ்வகையில் நினைவுகொள்ளத் தக்கன. அந்நாட்டின் பல நகரங்களிலிருந்து குவாஷியோர்க்கர் நோயுற்ற பன்னிரண்டு குழந்தைகளின் விபரத்தை ஒரு குழுவினர் தொகுத்தளித்தனர். அவருட் பெரும்பாலோர் வறுமையால் நலிந்தோரல்லர். பாலினால் ஒவ்வாமை வந்ததென்று கருதிப் பெற்றோர் பாலை விலக்கி, புரதமற்ற அரிசிப் பானம் போன்றவற்றை ஊட்டியதே பலரிடத்திற் காரணமாயிருந்தது. அவ்வாண்டின் மற்றொரு கட்டுரையிலே நெடுநாள் எக்சிமாவுற்ற இருபத்திரண்டு மாதக் குழந்தையொன்று இடம்பெறுகின்றது. பால் ஆகாது என்று நம்பி அரிசிப் பானத்தில் வளர்க்கப்பட்ட அக்குழந்தை உடல் வீங்கி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. 1933 இல் சோளக்கூழைத் தவிர வேறு வழியற்ற தாயரிடத்திற் சிசிலி வில்லியம்ஸ் கண்ட நோயை, உலகின் செல்வம் மிகுந்த நாட்டிலே, தோலைக் காக்க எண்ணிய அன்பே வரவழைத்தது.

இவ்வளவு விலக்கியும் நிலக்கடலை ஒவ்வாமை குறையவில்லை. இலண்டனைச் சேர்ந்த கிடியன் லாக்கும் துணைவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று அதற்கான காரணத்தை வேறிடத்திலே தேடத் தூண்டிற்று. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரைச் சூழ்ந்த பகுதியிற் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கர்ப்பத்திலே தாய் நிலக்கடலை உண்டதற்கும் குழந்தையின் ஒவ்வாமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அழற்சியுற்ற தோலில் நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடத்திலேயே ஒவ்வாமை மிகுந்திருந்தது. புண்ணை ஆற்றப் பூசிய களிம்பே பகையை உட்புகுத்தியது போலும்! வாய் வழியே சென்ற புரதத்தை உடல் உணவென ஏற்கின்றது. உடைந்த தோல் வழியே நுழைந்த புரதத்தைப் பகையென எண்ணிப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது என்ற கருதுகோள் இதிலிருந்து உருவாயிற்று. 2006 இல் டண்டீப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மக்ளீன் முதலியோர் பிலாக்கிரின் என்னும் தோற்புரதத்திற்குரிய பரம்பரையலகின் பழுது எக்சிமாவுக்கு வலிய காரணங்களுள் ஒன்று என்பதைக் கண்டனர். பேர் தம்பதியரின் எலிகளிடத்தில் அணை உடைந்தது உணவுக் குறைவினால். எக்சிமாக் குழந்தையிடத்திலோ அது பெரும்பாலும் பிறவியிலேயே நொய்தாய் அமைந்தது. பகையுணவு எக்சிமாவை ஆக்குகின்றது என்று நூறாண்டு கருதப்பட்டது. எக்சிமாவே உணவைப் பகையாக்குகின்றது என்பது இப்போது தலைகீழாக நின்று காட்டிற்று.

யூதக் குழந்தைகளை இலண்டனிலும் இஸ்ரேலிலும் ஒப்பிட்ட 2008 ஆம் ஆண்டின் ஆய்வு இதற்கு அரண்செய்தது. இலண்டனில் நிலக்கடலை ஒவ்வாமை 1.85 வீதம், இஸ்ரேலில் 0.17 வீதம். இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே 'பம்பா' என்னும் நிலக்கடலைப் பொரியைச் சுவைத்து வளர்பவர்கள். அவ்வாண்டிலே அமெரிக்கக் கழகம் தன் பழைய அறிவுரையைக் கைவிட்டது; அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் கைவிட்டது. இறுதிச் சான்று 2015 இல் வந்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உடைய, நான்கு முதல் பதினொரு மாதத்துக்கு உட்பட்ட 640 குழந்தைகளை லாக் குழுவினர் எழுமாறாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நிலக்கடலையை ஊட்டியும் மறு பிரிவினருக்கு விலக்கியும் ஐந்து வயதிற் பரிசோதித்தனர். விலக்கியோருள் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை இருந்தது. உண்டோருள் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. ஊட்டப்பட்டது முழுக்கடலையன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். முழுக்கடலை சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைப்பது. கூழாகவோ மென்பொரியாகவோ அது கொடுக்கப்பட்டது. உண்டதனால் அக்குழந்தைகளின் எக்சிமா கூடவுமில்லை, குறையவுமில்லை என்பது பரபரப்பின்றிப் பதிவாகிய ஒரு முடிவு. கரப்பான் பண்டம் என்ற சொல்லைச் சிந்திப்போர் அதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

தாயின் பத்தியமும் இவ்வுரைகல்லிற்கு உட்படுத்தப்பட்டது. கர்ப்பத்திலும் பாலூட்டுங் காலத்திலும் தாய் பால், முட்டை முதலியவற்றை விலக்குவதாற் குழந்தையின் எக்சிமாவைத் தடுக்கலாம் என்பதற்குத் தக்க சான்றில்லை என்று 2012 இல் கிரேமரும் ககுமாவும் பரிசோதனைகளைத் திரட்டி முடிவு கூறினர். விலக்கிய தாயர் உடல் நிறை போதியளவு ஏறாதிருந்த ஆபத்தையும் அவர்கள் சுட்டினர். இதனால் உணவு ஒவ்வாமை என்பதே பொய் என்றாகாது. முட்டையை உண்டவுடன் உதடு வீங்கும் குழந்தை, பாலருந்தினால் மூச்சிரைக்கும் குழந்தை உண்டு. அவற்றிற்கு மருத்துவரின் மேற்பார்வையில் விலக்குதலே வழி. பொய்த்துப்போனது, நோய் வருமுன்பே எல்லாவற்றையும் விலக்கும் அச்சம்.

தோலே வாயில் என்றால், பிறந்த நாள் தொட்டு மேனியில் எண்ணெய்ப் பசையுள்ள பூச்சைத் தடவி அணையைக் காத்தாற் போதுமே என்ற ஆசை அடுத்து எழுந்தது. பிரித்தானியாவில் 1,394 குழந்தைகளிடத்தில் அது சோதிக்கப்பட்டு 2020 இல் முடிவு வெளியாயிற்று: ஓராண்டு நாள்தோறும் பூசியும் எக்சிமா தடுக்கப்படவில்லை. தோற்றொற்று மட்டும் சற்றே மிகுந்தது. புதிய கொள்கையும் பழைய கொள்கையைப் போலவே தன் எல்லையைத் தாண்டிப் பேச முற்பட்டுத் திரும்பிற்று.

யப்பானிய மருத்துவர் 2017 இல் வெளியிட்ட பரிசோதனை இவ்விரண்டு கொள்கைகளையும் ஒருங்கே கையாண்டது. எக்சிமாவுற்ற 147 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். முதலில் அவர்தம் தோல் களிம்புகளால் நன்கு குணமாக்கப்பட்டு, மீண்டும் அழற்சி தோன்றாது காக்கப்பட்டது. அதன்பின் ஆறாம் மாதத்திலிருந்து, வேகவைத்து உலர்த்திய முட்டைத்தூள் நாளொன்றுக்கு 50 மில்லிகிராமும், ஒன்பதாம் மாதத்திலிருந்து 250 மில்லிகிராமும் ஒரு பிரிவினருக்கு ஊட்டப்பட்டது. மறு பிரிவினர் முட்டையற்ற தூளைப் பெற்றனர். ஓராண்டு நிறைவிற் பரிசோதித்தபோது முட்டை ஒவ்வாமை கண்டோர் உண்ட பிரிவில் நூற்றுக்கு 8, உண்ணாத பிரிவில் நூற்றுக்கு 38. வேறுபாடு இவ்வளவு பெரிதாயிருந்தமையாற் பரிசோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. சேர்னியின் காலத்து மருத்துவர் தோலைக் குணமாக்க உணவை நிறுத்தினர். இம்மருத்துவர் உணவை ஊட்டுதற்காகத் தோலை முதலிற் குணமாக்கினர்.